இமை வரையாத முகம்

காலையில் முகம் கழுவும்போது ரேகாவின் கண்ணோரத்திலிருந்து பீளையோடு சேர்ந்து சாம்பல் நிறத்தில் ஏதோ வந்தது. விரல் நுனியில் வைத்துத் தேய்த்தாள். நறநறவென்றது. மூக்கருகே கொண்டுபோனாள். சிமெண்ட்.

கரையான்சாவடியில் அவள் குடியிருக்கும் அடுக்குமாடியைச் சுற்றி எந்தக் கட்டட வேலையும் நடக்கவில்லை. கீழே மருந்துக்கடை, பக்கத்தில் பேக்கரி, எதிரே வருஷக்கணக்காக மூடிக்கிடக்கும் கல்யாண மண்டபம். பஸ்ஸில் வரும்போது பட்ட தூசியாக இருக்கும் என்று துண்டால் துடைத்துக்கொண்டாள். ஆனால் வாடை போகவில்லை. புதுச் சுவருக்குத் தண்ணீர் அடிக்கும்போது எழுமே, ஈரமும் சுண்ணாம்பும் நனைந்த சாக்கும் கலந்த பச்சை வாடை, அது குளியலறையிலும் இருந்தது, சமையலறையில் கொதிக்கிற சாம்பாருக்கு மேலும் இருந்தது, தலையணையிலும் இருந்தது.

"ஏங்க, சிமெண்ட் வாசம் அடிக்குதுல்ல?"

திருமுருகன் வாசலில் நின்று மூக்கை உறிஞ்சினான். "சாம்பார் வாசம்தான் அடிக்குது. சிமெண்டுக்கு எங்க போறது?" என்று சொல்லிவிட்டு ஆவடித் தொழிற்சாலைக்குக் கிளம்பிப் போனான். அவள் கணவனுக்கு எதுவும் பெரிய விஷயமில்லை.

சிமெண்ட் என்றதும் ரேகாவுக்கு ஒரே ஓர் இடம்தான் ஞாபகம் வந்தது. குத்தம்பாக்கத்தில் சுவேதா கட்டிக்கொண்டிருக்கும் வீடு. ஞாபகம் வந்த கையோடு வயிறும் எரிந்தது.

இருவரும் ஓவியக் கல்லூரியில் ஒரே வகுப்பு. ரேகா ஆரணியிலிருந்து வந்தவள். உருவப்படத்தில் தங்கப் பதக்கம் வாங்கியவள். சுவேதா குத்தம்பாக்கத்துக்காரி. அவள் அப்பா துலுக்கானம் ஒரு காலத்தில் அடுத்தவர் வயலில் கூலிக்கு நாற்று நட்டவர். வயலெல்லாம் கம்பெனியானதும் அதே நிலத்தின் வாசலில் காக்கிச் சட்டை போட்டுக் காவலுக்கு நின்றவர். சுவேதாவுக்கு மூக்கு வரைய வராது. எப்பேர்ப்பட்ட அழகனை எதிரே உட்கார வைத்தாலும் முகத்துக்கு நடுவில் ஒரு கத்திரிக்காயை வைத்துவிடுவாள். பரீட்சைக்கு முந்தின நாளெல்லாம் அவளுடைய கத்திரிக்காய்களை மூக்காக்கிக் கொடுத்தது ரேகாதான்.

படிப்பு முடிந்தது. அம்பத்தூர் எஸ்டேட் பட்டறைகளில் தூக்கிப்போட்ட, எண்ணெய்க் கறை பிடித்த கையுறைகளைச் சுவேதா மூட்டை மூட்டையாகப் பொறுக்கிவந்து, அம்மாவோடு உட்கார்ந்து ஒன்றோடொன்று தைத்து, ஒரு வயல் அகலத்துக்குத் தொங்கவிட்டாள். முதலில் அதை ஓர் இழுத்து மூடிய பட்டறைக்குள் வைத்தாள். ஷிஃப்ட் முடிந்து வந்தவர்கள் அதற்கு முன்னால் நின்று தங்கள் கையையே பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் அது டில்லிக்குப் போனது, கொச்சிக்குப் போனது, ஜெர்மனிக்குப் போனது. அங்கே ஓர் அருங்காட்சியகம் அதை விலைக்கு வாங்கியது. பிறகு அப்பாவின் காவல் நாற்காலியை வைத்து ஒன்று செய்தாள், ஏரிச் சேற்றை வைத்து ஒன்று. ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைகளில் முழுப் பக்கத்துக்கு அவள் சிரித்தாள்.

அதே வருஷங்களில் ரேகா ஒரு தனியார் பள்ளியில் ஏழாம் வகுப்புக்கு ஆப்பிளுக்கு நிழல் போடச் சொல்லிக் கொடுத்தாள். மாலையில் கல்யாண போட்டோக்களைப் பார்த்து ஆர்டருக்குப் படம் வரைந்தாள். 'ஆசை இருக்கு தாசில் பண்ண, அதிர்ஷ்டம் இருக்கு கழுதை மேய்க்க' என்று தன்னைப் பற்றித் தானே சொல்லிச் சிரிப்பாள். சிரித்து முடித்ததும் வாய் கசக்கும். கிழிந்த கையுறையைத் தைத்து மாட்டினால் கலையாம்! அதில் மூக்கு எங்கே இருக்கிறது? இப்படியெல்லாம் திருமுருகனிடம் பொருமுவாள். ஆனால் அந்தக் கையுறைச் சுவரைப் பார்க்க யாருக்கும் சொல்லாமல் ஒருநாள் அம்பத்தூருக்குப் போனதையும், அதன் முன்னால் நின்று அழுததையும் அவனிடம் சொன்னதில்லை. அது நன்றாக இருந்தது. அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

போன மாதம் சுவேதா போன் செய்திருந்தாள். "பூச்சு வேலை ஆரம்பிக்கப் போறோம்டி. திஷ்டிக் காய் கட்டியே ஆவணும்னு அம்மா ஒத்தக் கால்ல நின்னுகினு கீது. கடையில விக்கிறது எல்லாம் ஒரே மூஞ்சி. நீ போட்டுக் குடேன் ரேகா. மூஞ்சின்னா நீதானே?"

தங்கப் பதக்கம் வாங்கிய கையால் பூசணிக்காய்க்கு மீசை வரைய வேண்டும். முடியாது என்று சொல்ல நினைத்து, "அனுப்பி வை" என்றாள்.

நல்ல பெரிய வெள்ளைப் பூசணி. மேலே படிந்திருந்த சாம்பலை ஈரத்துணியால் துடைத்துச் சாப்பாட்டு மேஜைமேல் நிறுத்தினாள். என்ன முகம் போடுவது? கடையில் தொங்குகிற ராட்சச முகங்களில் அவளுக்கு விருப்பமில்லை. வீட்டின்மேல் விழும் கெட்ட கண்ணை வாங்கிக்கொள்ளத்தானே இதைக் கட்டுகிறார்கள்? அப்படியானால் கெட்ட கண் எப்படி இருக்குமோ அதையே வரைந்துவிடலாம். மாடல் இல்லாவிட்டால் கண்ணாடி பார்த்து வரை என்பது கல்லூரியில் படித்த பாடம். கண்ணாடியை எடுத்து எதிரே சாய்த்து வைத்தாள். சுவேதாவின் வீட்டை நினைத்துக்கொண்டாள். வடக்கு வெளிச்சம் விழும் பெரிய வேலைக்கூடமாம், இரண்டு மாடி உயரமாம். கண்ணாடியிலிருந்த முகம் மெல்ல மாறியது. அது வேண்டிய இடத்துக்கு வந்ததும் தூரிகையைத் தொட்டாள்.

டீ ஆறி ஆடை படிந்ததுகூடத் தெரியாமல் ஒரே மூச்சில் போட்டாள். காது வைக்கவில்லை, காய்க்குக் கைப்பிடி வைத்ததுபோல் இருக்கும். வாயைப் பல்லைக் கடித்து மூடியதாகப் போட்டாள். மூக்கு, சுவேதாவுக்கு ஏழு ஜென்மம் எடுத்தாலும் வராத மூக்கு. கண்ணுக்கு இமை போடவில்லை. இமை இருந்தால் எப்போதாவது மூடும் என்று தோன்றும். இது வெறித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

வேலை முடிந்து வந்த திருமுருகன் கூடத்தில் கால் வைத்தவன் பின்வாங்கினான். "யப்பா! என்னடி இது, எங்க நின்னாலும் என்னையே பாக்குது?"

பல வருஷத்துக்குப் பிறகு அவள் கையால் உயிரோடு ஒன்று வந்திருந்தது. அதைத்தான் ஒரு ஆட்டோவில் வைத்துக் குத்தம்பாக்கத்துக்கு அனுப்பினாள்.

கண்ணோரத்தில் சிமெண்ட் வந்த அன்று மாலை, பள்ளியிலிருந்து வந்து கட்டிலில் சாய்ந்து கண்ணை மூடினாள். இருட்டாகவில்லை.

மூடிய கண்ணுக்குள் வெயில் அடித்தது. கீழே ஒரு மணல்மேடு, அதன்மேல் படுத்திருந்த நாய், கலவை இயந்திரம், தண்ணீர்க் குழாயை இழுத்துக்கொண்டு நடக்கும் ஆள். அதற்கப்பால் சாலை. சாலையில் புதுப் பேருந்து நிலையத்துக்குள் திரும்பும் பஸ்கள். இயந்திரம் சுற்றியது, நாய் குரைத்தது, பஸ் ஹாரன் அடித்திருக்கும். ஆனால் ஒரு சத்தமும் இல்லை. ஈரச் சிமெண்ட் வாடை மட்டும் மூக்கை நிறைத்தது. ஒரு கார் வந்து நின்றது. நீலக் குர்தா போட்ட சுவேதாவும், உயரமான ஒரு வெள்ளைக்காரப் பெண்மணியும் இறங்கினார்கள். சுவேதா மேலே, நேராக ரேகாவை நோக்கிக் கையைக் காட்டினாள்.

ரேகா விழித்துக்கொண்டாள். புடவை முழுக்க வியர்வை. கெட்ட கனவு என்று தேற்றிக்கொண்டு காபி போட்டாள். இருட்டும் நேரத்தில் சுவேதாவிடமிருந்து ஒரு போட்டோ வந்தது. அதே கார், அதே வெள்ளைக்காரப் பெண்மணி, அதே நீலக் குர்தா.

புத்தியுள்ளவள் அப்போதே ஓடிப்போய் அந்தக் காயை அவிழ்த்து எறிந்திருப்பாள். ரேகாவும் பயந்தாள், சாமி படத்துக்கு முன்னால் நின்று திருநீறு பூசிக்கொண்டாள். ஆனால் மறுநாள் மாலை பள்ளியிலிருந்து வந்ததும் நேரே கட்டிலுக்குத்தான் போனாள். யார் வருகிறார்கள், என்ன காரில் வருகிறார்கள், யார் சுவேதாவைக் கட்டிக்கொள்கிறார்கள், எந்தப் பத்திரிகைக்காரன் படம் எடுக்கிறான், எல்லாவற்றையும் பார்க்கலாம். பார்க்காமல் இருக்க முடியவில்லை. வீட்டை மட்டும் பார்க்க முடியவில்லை. வீடு அவளுக்கு முதுகுப் பக்கம் இருந்தது.

சில நாட்களில் வேறொன்று தெரிந்தது. பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்கள் அண்ணாந்து வீட்டைப் பார்த்தார்கள். பார்வை முதலில் காயின்மேல் விழுந்தது. விழுந்த இடம் சுட்டது. தாளிக்கும்போது எண்ணெய் தெறித்தால் எப்படியோ அப்படி. கூலி வேலைக்குப் போய்த் திரும்பும் பெண்கள், பைக்கில் போகிற பையன்கள், அளவெடுக்க வந்த மேஸ்திரிகூட. எல்லார் கண்ணிலும் அவளுக்குப் பழக்கமான ஒரு பார்வை இருந்தது. கண்ணாடியில் அவள் பார்த்த அதே பார்வை. எழுந்து பார்த்தால் கன்னத்தில் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள். மருந்துக்கடைக்காரர் ஒவ்வாமை என்று களிம்பு கொடுத்தார்.

பிறகு இடது கன்னம் இளக ஆரம்பித்தது. தொட்டால் உள்ளே நீர் கோத்ததுபோல் விரல் அமுங்கி, அமுங்கிய குழி அப்படியே நின்றது. சிமெண்ட் வாடைக்கு அடியில் இன்னொரு வாடை சேர்ந்துகொண்டது. இனிப்பான அழுகல்.

"ஒரு பக்கம் தொங்குதே ரேகா," என்றான் திருமுருகன். அவன் குரலில் முதல்முறையாகப் பயம் தெரிந்தது. "நாளைக்கே பெரிய டாக்டரைப் பாக்கலாம். நீ கண்ணே சிமிட்ட மாட்டேங்கற, அது தெரியுதா உனக்கு?"

அவளுக்குத் தெரியவில்லை. கண்ணாடி முன்னால் நின்று பார்த்தாள். நின்றுகொண்டே இருந்தாள். இமைகள் அசையவில்லை. விரலால் இழுத்து மூடினால்தான் மூடின.

டாக்டரிடம் போகவில்லை. சனிக்கிழமை கறுப்பு பெயிண்டும் ஒரு தூரிகையும் பைக்குள் போட்டுக்கொண்டு குத்தம்பாக்கத்துக்கு பஸ் ஏறினாள். பூந்தமல்லியைத் தாண்டியதும் வழியெல்லாம் கட்டடங்கள். கட்டடத்துக்குக் கட்டடம் ஒரு திருஷ்டி பொம்மையோ பூசணிக்காயோ தொங்கியது. ஜன்னலோரம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தவளுக்கு, ஓவியக்காரியின் கண்ணுக்கு, அது அன்றைக்குத்தான் பிடிபட்டது. ஒரு முகம்கூட நேராகப் பார்க்கவில்லை. ஒரு கருவிழி இந்த மூலையில், இன்னொன்று அந்த மூலையில். வரையத் தெரியாமல் மாறுகண் போட்டிருக்கிறார்கள் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். பஸ் போகப்போக இன்னொன்று, இன்னொன்று. எதுவும் யாரையும் பார்க்கவில்லை. எல்லாம் வாங்கிக்கொள்ளும் முகங்கள். பார்க்கும் முகங்கள் அல்ல.

பார்க்கிற முகத்தை வரைந்தவள் அவள் ஒருத்திதான்.

வீட்டு முன்சாய்ப்பிலிருந்து கயிற்றில் அது தொங்கியது. இடது கன்னம் வெயிலில் வதங்கி உள்வாங்கியிருந்தது. கண் இரண்டும் வரைந்த அன்றைக்கு இருந்த மாதிரியே ஈரமாகப் பளபளத்தன. அதற்கு நேர் எதிரே முக்காலியில் ஒரு கேமரா நின்றது. சுவேதாவின் அம்மா வேம்புலியம்மாள் மணல் சலித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

"வா கண்ணு. மூஞ்சி இன்னா இப்டி வீங்கிக்கீது? ஒடம்பு சரியில்லியா?"

"அந்தக் காயை எறக்கிடலாமாம்மா? அழுகிடுச்சு. வேற போட்டுத் தரேன்."

"அய்ய, அத்த நடுவுல எறக்கக் கூடாதும்மா. கல்லடி பட்டாலும் கண்ணடி படக் கூடாதுன்னு கட்டினது. வர்ற வெள்ளிக்கிழமை கிரகப்பிரவேசம். அன்னிக்கி சுத்திப்போட்டு முச்சந்தில ஒடைச்சிருவோம்."

ஒடைச்சிருவோம். ரேகாவின் உச்சந்தலை கூசியது.

சுவேதா உள்ளேயிருந்து ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "உன்னாண்ட சொல்லணும்னே இருந்தேன்டி. தெனம் ஒரு போட்டோ எடுத்துகினு கீறேன். காய் வாடுது, கண்ணு மட்டும் வாடல பாரு! அந்த ஜெர்மன்காரம்மா பாத்துட்டு ஆடிப்போச்சு. இதான் என்னோட அடுத்த ஷோ. கீழ உன் பேரும் போடுவேன், சின்னதா."

என்னோட அடுத்த ஷோ. ரேகாவுக்குப் பயம்கூட மறந்துபோனது, அவ்வளவு எரிந்தது. "கண்ணை அழிக்கப் போறேன்," என்றாள். "அது சரியா வரல."

சுவேதாவின் முகம் சுருங்கியது. "உன் கை வேலை. வோணும்னா அழிச்சிக்கோ, நான் தடுக்கல," என்றாள். "ஆனா ஒண்ணு சொல்றேன் ரேகா. இந்த மாதிரி ஒரு மூஞ்சி என் ஆயுசுக்கும் என்னால போட முடியாது. எனக்கு அது தெரியும்."

ஏணியைச் சாய்த்தாள் ரேகா. ஏறினாள். முகத்துக்கு முகம் வந்தது. அழுகல் வாடை குப்பென்று அடித்தது. தூரிகையைக் கறுப்பில் தோய்த்துக் கண்ணருகே கொண்டுபோனாள். அப்போது இரண்டும் ஒரே நேரத்தில் தெரிந்தன. ஏணியிலிருந்து பார்த்தால் பூசணிக்காய். பூசணிக்காயிலிருந்து பார்த்தால் ஏணியில் ஒரு பெண். வீங்கிய கன்னம், கறுப்புத் தூரிகை. அவள் கண்ணில் பார்வையே இல்லை. துடைத்த சிலேட்டு மாதிரி இருந்தது. பார்வையெல்லாம் இந்தப் பக்கம் வந்துவிட்டிருந்தது.

ஒரே ஒரு கோடு. இழுத்தால் போதும்.

ஆனால் அந்த மூக்கு. அந்தப் புருவத்தின் முடிச்சு. கண்ணின் வெள்ளையில் அவள் வைத்த ஒளிப்புள்ளி. சுவேதாவின் வாயிலிருந்து, இத்தனை வருஷம் காத்திருந்து, கடைசியில் வந்த அந்த வார்த்தை. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. ரேகாவுக்கு இருந்ததே இந்த ஒரு குஞ்சுதான். இதை அழித்துவிட்டால் அவள் ஆப்பிளுக்கு நிழல் போடும் டீச்சர், அவ்வளவுதான்.

தூரிகை கீழே மணலில் விழுந்தது. அவள் இறங்கினாள்.

வெள்ளிக்கிழமை விடியும்போது திருமுருகன் வேட்டி கட்டிக்கொண்டு நின்றான். "வரலன்னா அந்தப் பொண்ணு வருத்தப்படும். நான் போய்த் தலையக் காட்டிட்டு வந்துடறேன். வந்ததும் ஆஸ்பத்திரி. சரியா?"

"கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கறேன்," என்றாள் ரேகா. விரலால் இமைகளை இழுத்து மூடினாள். கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அதுதான் அவள் கடைசியாகக் கேட்ட சத்தம்.

வெளிச்சம். வாழைமரம். பட்டுப்புடவைகள். நெய்யும் ஓமப்புகையும் கலந்த வாசம். தெருவெல்லாம் ஆட்கள், எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். எல்லாப் பார்வையும் அவள் மேல். சுட்டது, சுட்டது. எழுந்திரு. கண்ணைத் திற. இமையைத் தேடினாள். இமை இல்லை. கையைத் தேடினாள். கை இல்லை.

ஏணி வந்து சாய்ந்தது. சுவேதாவின் தம்பி டில்லிபாபு ஏறினான். கயிற்றை அறுத்தான். உலகம் ஆடியது. அவன் உள்ளங்கைச் சூடு இரு கன்னத்திலும்.

உச்சியில் கத்தி இறங்கியது. வட்டமாக வெட்டினான். உள்ளே குங்குமத்தைக் கொட்டினார்கள். காசைப் போட்டார்கள். உள்ளே விழுந்தது. மூடினார்கள். அதன்மேல் கற்பூரம். தீ.

சுவேதாவைச் சுற்றினார்கள். ஒரு சுற்று. சுவேதா கைகூப்பி, கண்மூடி நின்றாள். இன்னொரு சுற்று. கூட்டத்தில் வெள்ளை வேட்டி. திருமுருகன். அவன் சிரித்துக்கொண்டிருந்தான். இங்கே. இங்கே பாருங்க. பல்லைக் கடித்து மூடிய வாய். அவளே மூடிய வாய்.

முச்சந்தி. தலைக்கு மேலே தூக்கினான். எதிரே சுவேதாவின் கேமரா. அதன் கண்ணாடிக்குள் ஒரு முகம், சிறியதாக, தீயோடு. நல்ல முகம். அப்போதும் அவளுக்கு அப்படித்தான் தோன்றியது.

தரை வந்தது.

எல்லாம் சிவப்பு. பிறகு சிவப்பு வடிந்தது. முகத்துண்டு உடையாமல், வானத்தைப் பார்த்து விழுந்திருந்தது. கண் இரண்டும் முழுசாக இருந்தன. அந்தக் கண்ணுக்கு முதல்முறையாக வீடு தெரிந்தது. இரண்டு மாடி உயரம், வடக்கே பெரிய ஜன்னல், வெள்ளைச் சுவரில் காலை வெயில். மொட்டைமாடியில் சுவேதா. எவ்வளவு அழகான வீடு. ரேகாவுக்கு எரிந்தது.

கூட்டம் பந்திக்குக் கிளம்பியது. உடைத்த திருஷ்டிக் காயை யாரும் மிதிக்க மாட்டார்கள், தொட மாட்டார்கள், திரும்பிப் பார்க்கவும் மாட்டார்கள். புடவைகள் ஒதுங்கிப் போயின. செருப்புகள் ஒதுங்கிப் போயின. திருமுருகன் வந்தான். வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பின்னால் வந்தவர்களைக் கைகாட்டி நிறுத்தி, ஏதோ சொன்னான். உதடு அசைந்ததிலிருந்து தெரிந்தது. பாத்து, மிதிச்சிடாதீங்க. அவளைச் சுற்றிக்கொண்டு கவனமாக நடந்துபோனான்.

தெரு காலியானது. ஒரு காகம் வந்து இறங்கியது. சிதறிக் கிடந்த விதைகளைக் கொத்தியது. தத்தித் தத்திப் பக்கத்தில் வந்தது. தலையைச் சாய்த்து, வலது கண்ணைப் பார்த்தது.